மூணாவது வீதிக்கு வந்த ரோடு

வாங்க அம்மணி, இப்படி போர்ட்டிகோ நெழல்ல வந்து உக்காருங்க. முட்டியில ஏதும் அடிபட்டுருச்சுங்களா? இல்லையா, அது போதும். வண்டிக்கு ஒண்ணும் ஆகலை. கண்ணாடி மட்டும் திரும்பிக்கிச்சு, நான் சரி பண்ணி வெச்சுட்டேன். உங்களைத் தூக்கியடிச்சுதே, அது எங்க வீதி ஸ்பீடு பிரேக்கருங்க. முந்தாநாளுத்தான் போட்டது. இன்னும் வெள்ளைக்கோடு அடிக்கலை. குத்தம் சொல்றேன்னு நெனைச்சுக்காதீங்க, ஆனாலும் ரோடு சோதிக்க வர்றவிய ரோட்டப் பாத்து வரோணுமுங்க.

யாரு போட்டதுங்கறீங்களா? நாந்தானுங்க. பேரு நாச்சிமுத்து. இந்த வீதி குடியிருப்போர் சங்கத்துத் தலைவரு. பம்பு கம்பெனியில குவாலிட்டி இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். அனுமதியா? எதுக்குங்க அனுமதி? சிமெண்டு என்னோடது, ஜல்லி என்னோடது, கை என்னோடது. ரோடு மட்டும்தான் மாநகராட்சியோடது.

மோரக் குடிங்க. நானே கலக்குனது, உப்பு சித்தெ எச்சா இருக்கும். எங்கூட்டுக்காரி ஊருல இல்ல.

நீங்க புது ரோட்டோட தரம் பாத்துச் சொல்ல வந்த இன்ஜினியருன்னு கழுத்துல தொங்கற கார்டுலயே போட்டிருக்குது. உங்க சோலிய நான் கெடுக்க மாட்டேன். ரோட்டக் குடைஞ்சு பாருங்க, அளந்து பாருங்க. எல்லாம் முடிஞ்சதும் நல்லா இருக்குதுன்னு எழுதி, சீல் வெச்சு, எனக்கு ஒரு நகல் மட்டும் குடுத்துருங்க. ஃப்ரேம் போட்டு மாட்டறதுக்கு இல்லீங்க. அதைப் போட்டோ புடிச்சு எம்பட புள்ளைக்கு அனுப்போணும். அவ ஊட்டுக்கு வரோணும். அதுக்குத்தான் இத்தனை கூத்தும்.

ஒரே புள்ளைங்க. பிரதீபான்னு பேரு. பெருந்துறைப் பக்கம் குடுத்திருக்குது. குடுத்திருக்குதுன்னா, அவளே பாத்துக்கிட்டா, நாங்க சரின்னோம். முழுகாம இருக்கறான்னு சேதி வந்ததும் எனக்குக் கால் தரையில நிக்கலை. தலைப்பிரசவம் தாய் ஊட்டுலதானுங்களே? மேல் ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சேன், கட்டில் கால் ஆடுச்சு, அதுக்கு அட்டை வெச்சேன். ஆனா பாருங்க, ‘எப்ப கண்ணு வர்றே’ன்னு அவங்கம்மா போனுல கேட்டதுக்கு அவ என்ன சொன்னாளாமா? ‘அம்மா, நம்ம வீதி ரோடு குண்டும் குழியுமா இருக்குது. குலுங்கினா ஆகாது. ரோடு போட்டா வர்றேன்’னு சொல்லிப்போட்டா.

வசந்தாமணி, எங்கூட்டுக்காரிங்க, இதைச் சொல்லிட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா. என்னமோ நான் ஒடைஞ்சு போயிருவேன்னு நெனைச்சாளாட்ட இருக்குது. எனக்கு அப்படியே தெம்பு வந்துருச்சுங்க. அட, ரோடுதானே! வேற ஏதாச்சும் மனஸ்தாபம்னா பயப்படலாம். ரோட்டுக்கு எதுக்குங்க பயப்படோணும்?

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, அவ குடியிருக்கற வீதிய நீங்க பாக்கோணும். போன நோம்பிக்குச் சீர் கொண்டுக்கிட்டுப் போனப்ப எங்க டாக்சியோட முன்சக்கரம் குழியில எறங்கிருச்சு. மாப்பிள்ளையும் அக்கம்பக்கத்துல நாலு பேருமாச் சேந்து தூக்கி விட்டாங்க. எனக்கு முழங்கால் வரைக்கும் சேறு. அந்த வீதியில உக்காந்துக்கிட்டுத்தான் நம்ம வீதி குலுங்கும்கறா! எனக்குச் சிரிப்பா வந்துச்சு. சரி, பழகின குழி வேற, பழகாத குழி வேற, அதையும் நாம ஒத்துக்கோணுமுங்களே.

அந்த நேரம் பாத்து மாநகராட்சியில ஒரு அறிவிப்பு விட்டாங்க. எல்லா வீதியையும் வந்து பாத்து ரோட்டுக்குத் தரம் போடப் போறாங்க, மோசமா இருக்கற வீதிக்கு மொதல்ல புது ரோடுன்னு. நான் உடனே சங்கத்தக் கூட்டினேன். வெள்ளிக்கெழமை காலையில இன்ஜினியர் வர்றாரு, ஒருத்தரும் ஊட்டுல முடங்கக் கூடாது, அத்தனை பேரும் வெளிய வந்து நிக்கோணும்னேன். அப்ப ஒரு அம்மா கேட்டாங்க, ‘வெளியாளு வர்றப்ப வீதி இப்படியா கெடக்கறது?’ன்னு. அது எனக்கும் சுருக்குனு பட்டுச்சு. நாலு பேரு வர்ற எடத்தக் கூட்டிப் பெருக்கி வெக்கறதுதானுங்களே மொறை?

நீங்க சிரிக்கறீங்க. அன்னைக்கு ஒருத்தருக்கும் சிரிப்பு வரலைங்க. வேகமா வேல நடந்துச்சு. கடைசி ஊட்டுல பாத்ரூம் இடிச்ச கல்லும் டைல்ஸும் குமிச்சுக் கெடந்துச்சு, அதை அள்ளி எல்லாக் குழியையும் நெரப்புனோம். மேல செம்மண்ணு போட்டு, தண்ணி தெளிச்சு, ரோலர் இல்லாததுனால ஆம்பளைக ஒட்டுக்கா ஏறி நின்னு மிதிச்சோம். நான் ரசமட்டத்த வெச்சுப் பாத்தேன். மேடு பள்ளம் பாக்கக் கொத்தனாரு வெச்சிருப்பாங்களே, அது. எங்கிட்ட எப்பவும் இருக்கும். குமிழி அசையாம நடுவுல நின்னுச்சு. மூடின குழி ஒவ்வொண்ணு மேலயும் பொம்பளைக கலர்ப் பொடியில கோலம் போட்டாங்க. குழி எச்சா இருந்ததுனால கோலமும் எச்சா இருந்துச்சு. வீதியே மார்கழி மாசமாட்ட ஆகிப்போச்சு. குறுக்க ஒரு செவலை நாயி படுத்துக் கெடந்துச்சு, அதையும் நாந்தான் ஒரு கல்லெடுத்து வெரட்டி விட்டேன்.

இன்ஜினியர் வந்தாருங்க. சின்ன வயசு, மரியாதையான பையன். இஞ்சி டீயும் மொளகாய் பஜ்ஜியும் குடுத்தோம். வீதிய இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் கோலத்த மிதிக்காம சுத்திச் சுத்தி நடந்தாரு. கோலத்த மிதிக்காம நடந்தா குழியெங்கீங்க தெரியும்? ‘சார், இந்த வார்டுலயே இப்படி ஒரு வீதியப் பாக்கலை’ன்னு எங்கையப் புடிச்சுக் குலுக்கினாரு. நாங்க கை தட்டினோம். வசந்தாமணி மட்டும் கேட்ல சாஞ்சுக்கிட்டுத் தலையில கைய வெச்சா. ஏன்னு அப்ப வெளங்கலை.

முடிவு வந்துச்சு. மூணாவது வீதி, நல்ல நெலை. பராமரிப்பு பாராட்டத்தக்கதுன்னு ஒரு வரி சேத்தி எழுதியிருந்தாங்க. புது ரோடு ரெண்டாவது வீதிக்குப் போயிருச்சு. ரெண்டாவது வீதித் தலைவரு ஆறுச்சாமி அன்னைக்கு ஊருலயே இல்லைங்க, மச்சினன் ஊட்டுக் கெடா வெட்டுக்குப் போயிட்டாப்பல. அங்க ஒரு சொட்டு டீ கூட ஒருத்தரும் குடுக்கலை. வீதி நடுவுல பெரிய குழி, குழிக்குள்ள ஒரு நாயி நிம்மதியாப் படுத்திருந்துச்சாம். அதைப் படம் புடிச்சு மேலுக்கு அனுப்பி, அந்த ஒரு படத்துலயே ரோடு கெடைச்சுருச்சு. அம்மணி, அந்த நாயி எங்க வீதி நாயிங்க! காலையில நான் கல்லெடுத்து வெரட்டினேனே, அதே செவலை. ஆபீஸுக்கே போயிக் கத்தினேன். நாயிக்கெல்லாம் வீதி கெடையாதுன்னுட்டாங்க.

அன்னைக்கு வசந்தாமணி சொன்னா, ‘ஏனுங்க, ரோட்ட உடுங்க. புள்ளைகிட்ட நீங்களே ஒரு வார்த்தை பேசிப் பாருங்க’ன்னா. என்னத்தப் பேசறது? ரோடும் போடாம வெறுங்கையோடயா பேசறது? ரோடு வரட்டும், அப்புறம் பேசறேன்னேன். நான் சும்மா வார்த்தைய விடற ஆளில்லைங்க. கம்பெனியில என் கைக்குத் தப்பி ஒரு ஓட்டைப் பம்பு வெளிய போனதில்ல. ஊட்டுலயும் அப்படித்தான். புள்ள கோலம் போட்டா நூலு புடிச்சுப் பாத்துட்டுத்தான் நல்லா இருக்குதும்பேன். ஸ்கூட்டர் பழகினப்போ பின்னாடியே என் வண்டியில போயி, செஞ்ச தப்பையெல்லாம் சாயங்காலம் மொத்தமாச் சொல்லுவேன். ரசம் வெச்சா, உப்பு இத்தனை, புளி இத்தனைன்னு திருத்துவேன். அவ தட்டத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போயிருவா. நல்ல கூச்ச சுபாவமுங்க அவளுக்கு.

மாப்பிள்ளை மொத மொத எங்கூட்டுக்கு வந்தாரு பாருங்க, அன்னைக்கு அவரு வண்டியச் சுத்தி வந்து பாத்தேன். செயின் தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சு. ‘செயினையே இழுத்துக் கட்டத் தெரியலை, குடும்பத்த எப்படித் தம்பி இழுப்பீங்க?’ன்னு கேட்டேன். வெளையாட்டாத்தானுங்க கேட்டேன்! அந்தப் பையன் வெச்ச காப்பியக்கூடக் குடிக்காமக் கெளம்பிட்டாப்பல. கல்யாணத்தன்னைக்கு மண்டபத் தரை ஒரு பக்கம் சாஞ்சிருக்குதுன்னு சம்பந்தி காதுல மட்டும்தான் சொன்னேன், மைக்கு பக்கத்துல இருந்தது எனக்கெப்படித் தெரியும்? வளைகாப்புல வளையல் வட்டமா இல்லைன்னு கொஞ்சம் எடுத்துக் கடைக்காரங்கிட்டத் திருப்பிக் குடுத்தேன். நம்ம புள்ள கைக்குப் போடறது சரியா இருக்கோணுமுங்களே. புள்ளைக்குக் கண்ணு கலங்கிருச்சு. அப்பா நமக்காக எத்தனை பாக்கறாருன்னு தோணியிருக்கும்.

ரோட்டுக்கு வர்றேன். மறுபடி சோதிக்கோணும்னு மனுக் குடுத்தேன். இந்த வாட்டி நாங்க ஏமாறலைங்க. கோலம் கெடையாது, பஜ்ஜி கெடையாது. போட்ட மண்ணையும் டைல்ஸையும் கடப்பாரை வெச்சு நாங்களே நோண்டி எடுத்தோம். நோண்டறப்ப பழைய குழி சித்தெ பெருசாயிருச்சு, அது எங்க தப்பில்ல. குழாய ஒரு பக்கம் தொறந்து விட்டோம், எல்லாக் குழியிலயும் தண்ணி கட்டிக்கிச்சு. சங்கத்துச் செயலாளரு குழிக்குள்ள சேர் போட்டுப் பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. நானே போயி ஆறுச்சாமி வீதியில இருந்து அந்தச் செவலைக்குப் பிஸ்கட்டக் காட்டிக் கூட்டிக்கிட்டு வந்தேன். அது குழிய மோந்து பாத்துட்டு, தண்ணி இருக்குதுன்னு படுக்கவே இல்ல. நாயி இல்லாமயே மிக மோசம்னு எழுதிட்டாங்க. சங்கத்துல அன்னைக்குக் கேசரி கிண்டினோம்.

ரோடும் வந்துச்சு, புள்ளைக்கு மாசமும் நெருங்கிருச்சு. காண்ட்ராக்டர்காரன் தாரக் கொட்டறப்ப நான் நிழலாட்டக் கூடவே நின்னேன். சூடு ஆறும்முன்ன ரசமட்டம் வெக்கப் போயி என் செருப்பு தார்ல ஒட்டிக்கிச்சு. மூணாவது ஊட்டுக்கு முன்னால ஒரு தடம் தெரியுது பாருங்க, அது என்னோடதுதான். அதைக் குறைன்னு எழுதிப்போடாதீங்க. எல்லாரும் ஊட்டுக்குள்ள வண்டி ஏத்தறதுக்கு ரோட்டு மேல சரிவாக் காங்கிரீட் போட்டு வெச்சிருந்தாங்க, சாக்கடையவே அடைச்சுக்கிட்டு. அத்தனையையும் இடிக்கச் சொல்லிட்டேன். எங்கூட்டுதா? எங்கூட்டுது அளவா இருந்துச்சுங்க. அதான் உட்டுட்டேன்.

ரோடு முடிஞ்ச அன்னைக்கு அப்படியே குழந்தையாட்ட ஆயிட்டேன் அம்மணி. ஸ்கூட்டர் முன்னால ஒரு டம்ளர் நெறையத் தண்ணிய வெச்சு, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு ஓட்டினேன். ஒரு சொட்டுச் சிந்தலை. அதை வீடியோ எடுத்துப் புள்ளைக்கு அனுப்பினேன். பாத்துட்டா, வாட்ஸ்அப்புல ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. பதிலு அவங்கம்மாவுக்குத்தான் வந்துச்சு. ‘ரோடு நல்லா இருக்குதும்மா. ஆனா இனி வண்டியெல்லாம் வேகமா வருமே, பயமா இருக்குது’ன்னாளாம்.

வசந்தாமணி அதைச் சொல்லிட்டு உள்ள போயிக் கட்டில்ல உக்காந்துட்டா. நான் யோசிச்சேன். புள்ள சொல்றதும் நியாயந்தானுங்களே? ரோடு நல்லா இருந்தா வண்டி வேகமாத்தானே வரும்! இது எனக்குத் தோணாமப் போச்சேன்னு எம்மேலயே கோவம். ஒடனே சிமெண்டுக்குப் போன் போட்டேன். நான் சட்டியில கலவை போட்டுக்கிட்டு இருக்கறேன், வசந்தாமணி பையத் தூக்கிக்கிட்டு வெளிய வந்து நின்னா. ‘நீங்க ரோட்டப் பாத்துக்குங்க. நான் போயிப் புள்ளையப் பாத்துக்கறேன்’னா. போயிட்டா. பாருங்க, எப்படி வேலையப் பிரிச்சுக்கிட்டா! இத்தனை வருஷம் குடும்பம் நடத்தின பக்குவமுங்க அது. போறப்ப ஏன் கேட்ட அத்தனை சத்தமாச் சாத்தினாள்னுதான் தெரியலை. கீலு துருப்பிடிச்சிருக்கும், எண்ணெய் விடோணும்.

என்ன சொல்றீங்க? ஸ்பீடு பிரேக்கர் உயரம் எச்சா? நிறை மாசப் பொம்பளை இதுல ஏறி எறங்கினா குலுங்காதான்னு கேக்கறீங்களா? மெதுவா வந்தாக் குலுங்காதுங்க. நீங்க வேகமா வந்தீங்க.

எழுதித்தான் ஆகோணுமா? எங்கூட்டுச் சரிவையுமா? சரி, எழுதுங்க. ரெண்டையும் குறையின்னு எழுதினா மொத்தத்துல ரோடு தேறாதுங்கறீங்க. அம்மணி, சித்தெ யோசிங்க. உங்க வயசுதான் இருக்கும் எம் புள்ளைக்கும். கம்பெனியில நான் எத்தனையோ பம்ப ரிஜெக்ட் பண்ணியிருக்கறேன், ஒருத்தனும் எங்கிட்ட வந்து இப்படிக் கெஞ்சினதில்லை. நான் கெஞ்சறேன். இடிக்கச் சொன்னா ரெண்டையும் இப்பவே கடப்பாரையில இடிச்சுப் போடறேன். எனக்கு அவ வரோணுமுங்க. மேல் ரூமு ரெடியா இருக்குது. அவ வந்து அந்தக் கட்டில்ல படுத்திருந்தாப் போதும், நான் கீழயே இருந்துக்குவேன்.

என்னங்க கேட்டீங்க? ரோடுதான் காரணமான்னு புள்ளைகிட்டயே கேட்டேனான்னா?

இல்லைங்க. அவ எங்கூட எங்கீங்க பேசறா? அவங்கம்மா கூடப் பேசுவா. நான் பக்கத்துல நின்னு கேட்டுக்குவேன். ‘அப்பா நல்லா இருக்காரா’ன்னு கடைசியில ஒரு தடவை கேப்பா. இருக்காருன்னு இவ சொல்லுவா. வெச்சுருவாங்க. நானும் ரோடு வரட்டும், ரோடு வந்தாப் பேச ஒரு விசயம் இருக்கும்னு...

சித்தெ இருங்க அம்மணி. வசந்தாமணிதான் கூப்பிடறா.

ஹலோ. ஆங், சொல்லு. என்ன? சத்தமாச் சொல்லு. எப்ப? எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரி போனீங்க? எந்த ரோட்டுல போனீங்க? பைபாஸ்ல போனீங்களா, உள்ள போனீங்களா? இல்ல, இல்ல, திட்டாத, கேட்டேன், சும்மா. ரெண்டு பேரும்... ஆங். ஆங். பொம்பளைப் புள்ளையா.

அவகிட்டயா? எங்கிட்டப் பேசறாளா? குடு.

கண்ணு... ஆமா சாமி. ஊட்டுலதான் இருக்கறேன். ரோடு சோதிக்க ஒரு அம்மணி வந்து... சரி. சரி கண்ணு. இல்ல, சொல்ல மாட்டேன். சரிங்கறேனே. வெச்சுடறேன்.

...

பேத்திங்க அம்மணி. காலையிலயே பொறந்துருச்சாம். ரெண்டு பேரும் சொகம். வலி ராத்திரியே வந்திருக்குது. அந்தக் குழி விழுந்த வீதியில, மாப்பிள்ளை கார்ல வெச்சு ஓட்டிக்கிட்டுப் போயிருக்காரு. ஒண்ணும் ஆகலை.

கண்ணு கலங்கலைங்க, சிமெண்டுத் தூசி.

எம் புள்ள எங்கிட்டப் பேசினா. ‘வாங்கப்பா, வந்து பாப்பாவப் பாருங்க’ன்னா. ‘ஆனா இங்க வந்து ரோட்டப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பாப்பா மூக்கு சப்பை, காது கோணல்னு எதையும் அளந்து பாக்கக் கூடாது. சும்மா வந்து எம் பக்கத்துல உக்காருங்க’ன்னா. நானும் சரின்னு சொல்லிட்டேன். போகாம இருக்க முடியுமுங்களா? இதோ சட்டைய மாத்திக்கிட்டுக் கெளம்பறேன். நீங்க உங்க இஷ்டத்துக்கு எழுதிக்குங்க, நல்லா இருக்குதுன்னு எழுதினாலும் சரி, மோசம்னு எழுதினாலும் சரி, நகலெல்லாம் வேண்டாம்.

ஆனா, ஒண்ணு மட்டும் கேக்கோணும் அம்மணி. கூச்சமா இருக்குது, இருந்தாலும் உங்களை விட்டா எனக்கு இப்ப வேற ஆளில்ல. அங்க போயி அவ கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்துட்டேன்னு வையுங்க. ரோட்டயும் பேசக் கூடாது, குறையும் சொல்லக் கூடாது. அப்புறம் நான் என்னத்தப் பேசறது? உங்கப்பா உங்ககிட்ட என்ன பேசுவாருங்க? ரெண்டு வார்த்தை சொல்லிக் குடுங்க, பஸ்ஸுல போறப்ப மனப்பாடம் பண்ணிக்கறேன்.